சிறைக் கதவிலிருந்து கம்ப்யூட்டர் மேசைக்கு

பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் போகும் சாலையில் எலக்ட்ரானிக்ஸ் சிட்டி இருக்கிறது. அங்கே கண்ணாடி போட்ட பெரிய பெரிய கட்டடங்கள் நிற்கின்றன. உள்ளே ஆயிரக்கணக்கான பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலேயே பரப்பன அக்ரஹாரா. அங்கே பெங்களூர் மத்தியச் சிறை இருக்கிறது. உயரமான மதில், பெரிய இரும்புக் கதவு, கதவருகே காக்கி உடை அணிந்த வார்டர்கள்.

இரண்டு இடங்களும் இவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன. சிறையில் வேலை செய்யும் ஒருவர் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு வேலை மாற முடியுமா? முடியும் என்றால் எப்படி? மாறினால் கிடைப்பது என்ன? இழப்பது என்ன?

ஒரு வார்டரை மனத்தில் நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். வயது 30. சிறைக்குப் பக்கத்திலேயே அரசு கொடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறார். அவருக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது.

ஒரு நாள் காலை. இரவு டூட்டி முடிந்து வீட்டுக்கு வருகிறார். மனைவி சொல்கிறார்:

"ஏங்க, பாப்பா ராத்திரி குப்புற விழுந்துட்டா. நாலு தடவை விழுந்தா."

"அப்படியா? என்னை எழுப்பக் கூடாதா?" தூக்கக் கலக்கத்தில் கேட்கிறார்.

"நீங்க வீட்டிலேயா இருந்தீங்க, எழுப்பறதுக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. குழந்தையைப் பார்க்கிறார். அது தூங்கிக்கொண்டிருக்கிறது. வேலையை மாற்றலாமா என்ற எண்ணம் பல வீடுகளில் இப்படித்தான் வருகிறது. சம்பளம் போதாமல் மட்டும் வருவதில்லை.

சிறை வேலை எப்படிப்பட்டது?

வெளியே இருப்பவர்களுக்குச் சிறை வேலை பற்றி அதிகம் தெரியாது. சினிமாவில் பார்த்ததுதான். வார்டர் என்றால் தடி வைத்துக்கொண்டு மிரட்டுபவர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவருடைய வேலையில் பெரும்பகுதி எண்ணுவதும் எழுதுவதும்தான்.

காலையில் அறைகளைத் திறக்கும்போது கைதிகளை எண்ண வேண்டும். மாலையில் பூட்டும்போதும் எண்ண வேண்டும். நடுவில் ஒருவர் கோர்ட்டுக்குப் போவார். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். புதிதாக இருவர் வருவார்கள். ஒருவர் ஜாமீனில் போவார். எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். கணக்கு ஒன்று குறைந்தாலும் அன்று வார்டர் வீட்டுக்குப் போக முடியாது. மறுபடி எண்ண வேண்டும்.

கணக்கு இப்படி வரும். ஒரு பிளாக்கில் காலையில் 40 பேர். கோர்ட்டுக்குப் போனவர்கள் 3. திரும்பி வந்தவர்கள் 3. புதிதாக வந்தவர்கள் 2. விடுதலை ஆனவர் 1. மாலையில் எத்தனை பேர் இருக்க வேண்டும்? நீங்களே போட்டுப் பாருங்கள். 41 வர வேண்டும். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். பிறகு இதே கணக்கு கம்ப்யூட்டரிலும் வரப்போகிறது.

வேலை ஏன் கடினமாக இருக்கிறது? ஆட்கள் போதவில்லை. 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சிறைக் கையேடு, 6 கைதிகளுக்கு ஒரு காவலர் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. நடைமுறை வேறு. 2022-ஆம் ஆண்டுக் கடைசியில் எடுத்த கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்குத்தான் இடம். உள்ளே இருந்தவர்கள் 5,73,220 பேர். அதாவது 100 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர். அதே சமயம் சிறை ஊழியர் வேலைகளில் பத்துக்கு மூன்று இடம் காலியாக இருந்தது. கைதிகள் அதிகம், காவலர்கள் குறைவு. அப்படியானால் ஒருவர் இரண்டு பேர் வேலையைப் பார்க்க வேண்டும். விடுப்பு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

பெண் வார்டர்களின் நிலை இன்னும் சிக்கலானது. தாய் சிறைக்குப் போனால், 6 வயது வரை குழந்தை அவளோடு சிறையில் இருக்கலாம். 2006-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குழந்தைகளுக்கு உணவு, மருத்துவம், படிப்பு எல்லாம் தர வேண்டும் என்று விரிவாக உத்தரவு போட்டது. 2022 கடைசியில் நாடு முழுவதும் 1,537 தாய்மார்கள் 1,764 குழந்தைகளோடு சிறையில் இருந்தார்கள். இப்போது ஒரு பெண் வார்டரை நினைத்துப் பாருங்கள். தன் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறார். சிறையில் இன்னொருத்தியின் குழந்தை அழாமல் பார்த்துக்கொள்கிறார். அவர் மனம் என்ன பாடுபடும்?

கம்ப்யூட்டர் வேலை எப்படி வந்தது?

பெங்களூருக்கு இந்த வேலைகள் திடீரென்று வந்துவிடவில்லை. 1909 முதல் இந்திய அறிவியல் கழகம் இங்கே இருக்கிறது. 1940-இல் விமானத் தொழிற்சாலை வந்தது. பிறகு டெலிபோன் தொழிற்சாலை, பாரத் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் வந்தன. அதனால் இயந்திரம் படித்தவர்கள் ஊரில் நிறைய இருந்தார்கள். 1970-களின் கடைசியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் எலக்ட்ரானிக்ஸ் சிட்டியைத் தொடங்கியது. ஆர்.கே. பாலிகா என்பவர் அதற்கு முன்னின்றார். சுமார் 330 ஏக்கர் நிலம். அப்போது சுற்றிலும் வயல்தான். பலர் சிரித்தார்களாம். 1983-இல் இன்ஃபோசிஸ் பூனாவிலிருந்து பெங்களூருக்கு மாறியது. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி வந்தது. அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் எலக்ட்ரானிக்ஸ் சிட்டிக்கு வந்துவிட்டது.

வேலை மாறுவது தமிழர்களுக்குப் புதிதும் இல்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வேலை செய்தார்கள். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். பிறகு அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கினார்கள். இன்றும் வருகிறார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. நம் வார்டருக்கு வழி இருக்கிறது. அரசு வேலை கையில் இருக்கிறது. அதனால்தான் அவர் நன்றாக யோசிக்க வேண்டும்.

புரோகிராம் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குச் சொந்த புத்தி கிடையாது. நாம் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அப்படி வரிசையாகச் சொல்வதற்குப் புரோகிராம் என்று பெயர். அதை எழுத ஒரு மொழி வேண்டும். பைத்தான் என்பது அப்படி ஒரு மொழி. 1991-இல் வெளிவந்தது. காசு கொடுக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

மேலே போட்ட சிறைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அதைக் கம்ப்யூட்டருக்கு இப்படிச் சொல்லலாம்:

காலை எண்ணிக்கையை வாங்கிக்கொள்.
வெளியே போனவர்களைக் கழி.
உள்ளே வந்தவர்களைக் கூட்டு.
வந்த விடையை மாலை எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்.
இரண்டும் ஒன்று என்றால் "சரி" என்று எழுது.
ஒன்று இல்லை என்றால் மணி அடி.

இவ்வளவுதான். இதைப் பைத்தானில் எழுதினால் அது ஒரு புரோகிராம். வார்டர் தினமும் மனத்தில் செய்வதும் இதுதான். வங்கியில் பணம் எடுக்கும்போதும், ரயிலில் இடம் பதிவு செய்யும்போதும் இதே மாதிரி நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான வரிகள் பின்னால் ஓடுகின்றன.

இன்னொன்றும் உண்டு. சிறை வாசலில் இரண்டு கதவுகள் இருக்கும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. வந்தவர் நடுவில் நிற்க வேண்டும். அவர் யார் என்று பார்த்த பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். உங்கள் வங்கிக் கணக்கிலும் இதே முறைதான். முதலில் ரகசியச் சொல். பிறகு கைபேசிக்கு வரும் எண். இரண்டும் சரியாக இருந்தால்தான் உள்ளே விடும். (அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்றாலும் சொல்லாதீர்கள்.)

கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்குள் திருடர்கள் நுழைகிறார்களா என்று இரவும் பகலும் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை ஒன்று உண்டு. திரையில் குறிப்புகள் ஓடிக்கொண்டே இருக்கும். வழக்கத்துக்கு மாறாக ஒன்று தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும், எழுதி வைக்க வேண்டும். புரோகிராமில் தப்பு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் வேலையும் உண்டு. கம்ப்யூட்டர் வேலை என்றால் எல்லாரும் புரோகிராம் எழுதுகிறார்கள் என்று நினைக்கக் கூடாது. விழிப்பாக இருப்பது, பதற்றப்படாமல் இருப்பது, நடந்ததை நடந்தபடி எழுதுவது, இவை சிறையில் பழகியவருக்குப் புதிது அல்ல. ஆனால் இவை மட்டும் போதாது. படிக்க வேண்டும்.

காவலர் ஒருவர் மாறிய கதை

சென்னையில் நடந்தது இது. பத்திரிகைகளில் வந்தது. 2013-இல் ஓர் இளைஞர் வீட்டை விட்டு வேலை தேடிச் சென்னைக்கு வந்தார். பத்தாவது வரை படித்தவர். ஜோஹோ என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் வாசலில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. தினம் 12 மணி நேர டூட்டி. அங்கே வேலை செய்த பெரியவர் ஒருவர் அவரோடு பேச்சுக் கொடுத்தார். பள்ளியில் கம்ப்யூட்டர் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன் என்றார் இளைஞர். இன்னும் கற்க ஆசையா என்று கேட்டார் பெரியவர். அன்றிலிருந்து டூட்டி முடிந்த பிறகு பாடம் தொடங்கியது. சுமார் எட்டு மாதம் நடந்தது. கடைசியில் இளைஞர் சின்னதாக ஒரு செயலி செய்து காட்டினார். கம்பெனி நேர்முகத் தேர்வு வைத்தது. தேறினார். அதே கம்பெனியின் உள்ளே வேலைக்கு அமர்ந்தார். எட்டு ஆண்டு கழித்து அவரே இதை எழுதினார்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எட்டு மாதமும் அவர் காவலர் வேலையை விடவில்லை. சம்பளம் வந்துகொண்டே இருந்தது. மற்றொன்று, அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருந்தார். எல்லாருக்கும் அப்படி ஆள் கிடைப்பதில்லை. 12 மணி நேர டூட்டிக்குப் பிறகு படிப்பது தனி ஆளுக்கே கஷ்டம். தொட்டில் ஆட்டிக்கொண்டே படிப்பது அதைவிடக் கஷ்டம். எட்டு மாதம் என்பது இரண்டு வருடம் ஆகலாம். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

கைதிகளும் இந்த வழியில் போயிருக்கிறார்கள். அமெரிக்காவில் சான் க்வென்டின் என்ற சிறையில் 2014 முதல் கைதிகளுக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களில் சிலர் விடுதலைக்குப் பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பெற்றார்கள்.

எங்கே படிப்பது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "மூன்று மாதம் படி, வேலை நிச்சயம்" என்று சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள். பெரிய தொகை கேட்பார்கள். கடன் வாங்கியாவது கட்டு என்பார்கள். வேலை நிச்சயம் என்று சொல்கிறவர் அதை எழுத்தில் தருகிறாரா என்று கேளுங்கள். போன வருடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டு, அவர்களிடமே பேசிப் பாருங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

அரசு வழிகள் இருக்கின்றன. மத்திய அரசின் நீலிட் நிறுவனம் சிசிசி என்று ஒரு படிப்பு வைத்திருக்கிறது. 80 மணி நேரம். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்களும் சேரலாம். அதற்கு மேல் ஓ லெவல் என்ற படிப்பு இருக்கிறது. அதற்குப் பன்னிரண்டாவது வேண்டும், அல்லது பத்தாவதுக்குப் பிறகு ஐ.டி.ஐ. முடித்திருக்க வேண்டும். பத்தாவதோடு நின்றவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் வீட்டிலிருந்தே பன்னிரண்டாவது எழுதலாம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பட்டப் படிப்பு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் கைபேசி, கம்ப்யூட்டர் வழியாகவே படிக்கும் ஒரு படிப்பைத் தொடங்கியது. வயது வரம்பு இல்லை. தகுதிப் பாடம் படித்துத் தேர்வில் தேற வேண்டும். ஸ்வயம் என்ற அரசுத் தளத்தில் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும்.

ஆங்கிலம் பற்றிப் பலருக்குப் பயம். பயம் நியாயமானதுதான். புரோகிராம் மொழியில் வரும் ஆங்கிலச் சொற்கள் கொஞ்சம்தான், அவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் கம்பெனியில் கடிதம் எழுத, பேச, ஆங்கிலம் வேண்டும். அதைத் தனியாகப் பழக வேண்டும்.

வேலையை விடும் முன்

நம் வார்டரின் மாமனார் என்ன சொல்வார் என்று நமக்குத் தெரியும். "அரசு வேலையை எவனாவது விடுவானா?" என்பார். அவர் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. வேலையை விட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வாடகை வீடு பார்க்க வேண்டும். பெங்களூரில் அட்வான்ஸ் எவ்வளவு கேட்கிறார்கள் என்பது வீடு தேடியவர்களுக்குத் தெரியும்.

ஓய்வூதியத்தையும் பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் 2006 ஏப்ரல் 1-க்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவர்களைப் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தார்கள். அதில் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பணம் பிடிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு எண் இருக்கும். வேலை மாறினாலும் அதே எண்ணில் தொடரலாம். பழைய திட்டத்தில் இருப்பவர்களுக்கு விஷயம் வேறு. ராஜினாமா செய்தால் அதுவரை செய்த சேவை ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வராமல் போய்விடும். ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. சம்பளப் பிரிவில் இருக்கும் எழுத்தரிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பலருக்குத் தோன்றாத ஒரு வழியும் இருக்கிறது. அரசு வேலையை விடாமலே கம்ப்யூட்டர் வேலைக்குப் போகலாம். இப்போது சிறைகளில் இ-பிரிசன்ஸ் என்ற முறை இருக்கிறது. கைதிகளின் விவரம் எல்லாம் அதில் ஏறுகிறது. சொந்தக்காரர்கள் கம்ப்யூட்டர் வழியாகக் கைதியைப் பார்த்துப் பேசவும் வசதி உண்டு. கோர்ட்டுக்கு நேரில் போகாமல் வீடியோ மூலம் ஆஜராவதும் நடக்கிறது. இதற்கெல்லாம் சிறைக்குள்ளேயே விவரம் தெரிந்த ஆள் தேவை. கம்ப்யூட்டர் குற்றங்களுக்கென்று இந்தியாவிலேயே முதல் காவல் நிலையம் 2001-இல் பெங்களூரில்தான் தொடங்கியது. வேறு அரசுத் துறையில் இடம் வந்தால், மேலதிகாரி வழியாக முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். அப்படிப் போனால் பழைய சேவை வீணாகாமல் காப்பாற்ற வழி உண்டு. சொல்லாமல் போனால் அந்த வழி அடைந்துவிடும்.

விடுப்பும் இருக்கிறது. அரசு ஊழியரான தந்தைக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் விடுப்பு உண்டு. கர்நாடக அரசு 2021-இல் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை வளர்ப்பு விடுப்பாக 180 நாள் அறிவித்தது. மகப்பேறு விடுப்பு இதில் சேராது, அது தனி. மத்திய அரசில் இந்த விடுப்பு 730 நாள். மனைவி இல்லாமல் தனியாகக் குழந்தை வளர்க்கும் ஆண்களுக்கும் அங்கே உண்டு. வேலையே வேண்டாம் என்று முடிவு செய்யும் முன், இருக்கிற விடுப்பைக் கேட்டுப் பார்க்கலாம் அல்லவா?

அந்தப் பக்கம் எல்லாம் பச்சையா?

இல்லை. கம்ப்யூட்டர் வேலை என்றால் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவுக்குப் பகல் என்றால் நமக்கு இரவு. அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்கிறவர்கள் பலர் இரவில்தான் விழித்திருக்கிறார்கள். இரவு டூட்டியை விட்டு ஓடி இரவு டூட்டியிலேயே போய் விழுந்தவர்களும் உண்டு. 2024-இல் கர்நாடகத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை நேரத்தை 14 மணி வரை நீட்டிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஊழியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. 2022-க்குப் பிறகு உலகம் முழுவதும் பெரிய கம்பெனிகள் ஆட்களைக் குறைத்தன. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் "இன்றோடு வேலை இல்லை" என்ற கடிதம் வந்திருக்கும். அரசு வேலையில் அப்படி நடக்காது.

நல்லதும் உண்டு. சில வேலைகளை வீட்டிலிருந்தே செய்யலாம். சட்டப்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தாய்க்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும். தாய் நாளுக்கு நாலு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். 2017-இல் சட்டத்தைத் திருத்தி இந்த உரிமைகளைக் கொண்டுவந்தார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இருக்கின்றன. தனியார் கம்பெனியில் தந்தைக்கு இப்படி ஒரு விடுப்பைச் சட்டம் சொல்லவில்லை. கம்பெனி மனம் வைத்தால் உண்டு. வேலையில் சேரும் முன் கேட்டுவிட வேண்டும். குழந்தைக்காக வேலையை விட்டு நின்ற பெண்களைத் திரும்ப எடுக்க டாட்டா நிறுவனம் 2008 முதல் ஒரு திட்டம் வைத்தது. ஜோஹோவிலும் "மறுபடி" என்று ஒரு பயிற்சி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிப் போன இந்தியர்களை மியான்மர் நாட்டில் மியாவாடி என்ற இடத்துக்குக் கடத்தினார்கள். தமிழ்நாட்டு இளைஞர்களும் அதில் மாட்டினார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, மதிலுக்குள் அடைத்து வைத்து, மக்களை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைத்தார்கள். மறுத்தவர்களை அடித்தார்கள். மத்திய அரசு தலையிட்டுப் பலரை மீட்டது. சிறை வேலையை விட்டுப் போகிறவர் இப்படி ஒரு சிறைக்குள் கைதியாகப் போய்விடக் கூடாது. வெளிநாட்டு வேலை என்றால், அழைத்துப் போகிற ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று முதலில் பாருங்கள்.

முதல் படி

நம் வார்டர் என்ன செய்யலாம்? ராஜினாமா எழுத வேண்டாம். முதலில் மனைவியோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் கணக்கு எழுதட்டும். மாதச் செலவு எவ்வளவு? கடன் எவ்வளவு? சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் ஓட்ட எவ்வளவு வேண்டும்? குழந்தையை யார் எந்த நேரம் பார்ப்பது? மனைவிக்கும் படிக்க ஆசை இருக்கலாம். அதையும் கேட்க வேண்டும். அவர் பன்னிரண்டாவது முடித்தவராக இருந்தால் அவரே முதலில் சேரலாம். வீட்டில் யார் படித்தாலும் வழி திறக்கும்.

அடுத்தது அனுமதி. அரசு ஊழியர் அனுமதி இல்லாமல் வேறு வேலை செய்யக் கூடாது. மாலையில் ஒரு கம்பெனிக்குச் சின்னதாக ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று நினைத்தால் சிக்கல் வரும். படிப்பதற்கும் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு. கர்நாடகத்தில் இதைக் கன்னடத்தில் எழுத வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் தெரிந்த நண்பரிடம் கேட்கலாம். தமிழில் அதன் விவரம் இப்படி இருக்கும். பார்த்து எழுதிப் பழகுங்கள்.

அனுப்புநர்:
(பெயர், பதவி, ஊழியர் எண்)

பெறுநர்:
சிறைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
மத்தியச் சிறை, பரப்பன அக்ரஹாரா, பெங்களூர்.

ஐயா,

பொருள்: கம்ப்யூட்டர் படிப்பில் சேர அனுமதி கேட்பது பற்றி.

நான் தங்கள் சிறையில் வார்டராகப் பணி செய்கிறேன். நீலிட் நிறுவனத்தின் சிசிசி படிப்பில் சேர விரும்புகிறேன். இது 80 மணி நேரப் படிப்பு. பணி நேரம் போக மீதி நேரத்தில் படிப்பேன். என் பணிக்கு இடையூறு வராது. படிப்புச் செலவை நானே ஏற்றுக்கொள்வேன். எனக்கு ஐந்து மாதக் குழந்தை இருக்கிறது. ஆகவே படிப்பு நடக்கும் மாதங்களில், முடிந்தால், இரவுப் பணியைக் குறைத்துத் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து)

இடம்:
நாள்:

இரண்டு பிரதி எழுத வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும்.